ராணுவ ரேடியோகிராபர் சான்றிதழ்: வெளியில் ஏற்க வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். ராணுவ மருத்துவப் படையில் ரேடியோகிராபராக 17 வருடம் இருந்தேன். ஜனவரியில் ஓய்வு பெற்று திருச்சி வந்துவிட்டேன். தனியார் மருத்துவமனைகளில் என் அனுபவத்தைக் கேட்கும்வரை பேச்சு நன்றாகப் போகிறது. சான்றிதழைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. "இது படைக்குள் கொடுத்தது, பல்கலைக்கழக டிப்ளமோ இல்லையே. எக்ஸ்ரே கருவிகளுக்கு உரிமம் தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் உங்களை எப்படிச் சேர்ப்பது?" என்கிறார்கள்.

பிளஸ் டூவில் அறிவியல் படித்தேன். ஃபீல்டு ஆஸ்பத்திரியில் மொபைல் எக்ஸ்ரே, அப்புறம் பெரிய ராணுவ மருத்துவமனையில் டிஜிட்டல் எக்ஸ்ரே, சிடி, ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே எல்லாம் பார்த்திருக்கிறேன். எம்ஆர்ஐ பழக்கமில்லை. அடிபட்டவரை அசைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே படம் எடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை. எந்த விபத்துப் பிரிவுக்கும் அது தேவைதானே. டிஎல்டி பேட்ஜ் (உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ்) பதிவுகளும் பணிச் சான்றும் கையில் இருக்கின்றன.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்தாயிற்று. ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பித்தேன், பதில் இல்லை. ஒரு கல்லூரியில் டிப்ளமோவுக்கு விசாரித்தால், முதல் வருடத்திலிருந்தே படிக்க வேண்டுமாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கும்போது சம்பளமில்லாமல் அதற்குப் போக முடியாது.

படையில் வாங்கிய ரேடியோகிராபி சான்றிதழை வைத்தே தமிழ்நாட்டில் மருத்துவமனை வேலைக்குச் சேர்ந்தவர்கள் இருந்தால், எந்த அலுவலகத்தில் என்ன ஆவணம் வாங்கி அதை ஏற்க வைத்தீர்கள்?