வேலைக்குத் திரும்பும் முன் தாய்ப்பால் எடுத்து வைப்பது: சில ஐயங்கள்

கேள்வி (தாம்பரம் வாசகி):

அனைவருக்கும் வணக்கம். ஒரகடத்தில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பிரசவத்துக்கு நான்கு வாரம் முன்பே விடுப்பு எடுக்க நேர்ந்ததால், 26 வார விடுப்பு மகளுக்கு ஐந்து மாதம் ஆகும்போதே முடிந்துவிடுகிறது. இன்னும் பதினெட்டு நாளில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை ஆறே முக்காலுக்கு நிறுவனப் பேருந்தில் ஏறினால் வீடு வந்து சேர மாலை ஆறரை ஆகிவிடும். இதுவரை அவள் தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை. ஆறு மாதம் நிறையும் வரையாவது அப்படியே தொடர வேண்டும் என்று விரும்புகிறேன்.

மின்பம்ப் ஒன்று வாங்கினேன். இருபது நிமிடம் முயன்றும் புட்டியின் அடியில் 30 மில்லிதான் சேர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த அந்தப் பால் மறுநாள் காலையில், மேலே மஞ்சள் படலமும் கீழே நீர்த்த வெளிர்நிறமுமாகப் பிரிந்திருந்ததைக் கண்டு, திரிந்துவிட்டது என்று அத்தை கொட்டிவிட்டார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான். பவுடர் பாலுக்கு மாறிவிடலாம் என்று அக்கறையோடுதான் சொல்கிறார். அலுவலகத்திலோ இதற்கென்று அறை கிடையாது, கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று வழி சொல்லுங்கள்.

பதில் 1 (திருநெல்வேலி, வங்கி ஊழியர்):

முதலில் அந்த 30 மில்லியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் நேராகக் குடிக்கும் குழந்தை இருக்கும்போது கூடுதலாக எடுக்கும் பால் அவ்வளவுதான் வரும். அதை வைத்து உங்களுக்குப் பால் போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பம்பின் இழுப்புக்கு உடல் பழகவும் சில நாள்கள் ஆகும். விடியற்காலையில் பால் நிறைந்திருக்கும் என்பதால், அப்போது குழந்தைக்கு ஒரு பக்கம் கொடுத்துவிட்டு மறுபக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் எடுங்கள். தினமும் அதே நேரத்தில் எடுத்து வந்தால் ஒரு வாரத்துக்குள் அளவு கூடுவதை நீங்களே காண்பீர்கள். பம்பின் புனல் முலைக்காம்பின் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். எனக்கு முதல் மாதம் முழுவதும் வலித்ததற்கு, பெட்டியோடு வந்த புனல் பெரிதாக இருந்ததே காரணம்.

வேலைக்குப் போன பிறகு, குழந்தை குடிக்கும் இடைவெளியை ஒட்டி, பத்து, ஒன்று, நான்கு மணி என்று மூன்று முறை எடுங்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். கட்ட விட்டால் சுரப்பு குறைந்துவிடும். இரவில் நேராகக் கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள், ஏனெனில் பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம்.

பதில் 2 (ஓய்வு பெற்ற செவிலியர், மதுரை):

மகளே, கொட்டியது நல்ல பால். மேலே படிந்தது கொழுப்பு. பசும்பாலில் ஏடு படிவதைப் போன்றதுதான். அடுத்த முறை அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் புட்டியை நிறுத்தி, மெல்லச் சுழற்றிக் காட்டுங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். திரிந்த பால் அப்படிச் சேராது. அடுப்பில் கொதிக்க வைப்பதும் மைக்ரோவேவில் சூடாக்குவதும் வேண்டாம்.

எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளும், ஃப்ரீசரில் ஆறு மாதமும் இருக்கலாம். நம் ஊரில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? ஆகவே எடுத்தவுடன் குளிரில் வைத்துவிடுவதே சரி. உறைந்த ஐஸ் பொதிகள் வைத்த பையில் ஒரு நாள் வரை தாங்கும், உங்கள் பேருந்துப் பயணத்துக்கு அது போதும். பெட்டியில் வைக்கும்போது கதவுப் பக்கம் தவிர்த்து உட்புறத்தில் வையுங்கள். உறைபாலை இளக்கி வைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீணாகாமலிருக்க 60, 90 மில்லியாகப் பிரித்து வைப்பது நல்லது.

புட்டிக்குப் பழகிவிட்டால் மார்பை மறுக்குமோ என்ற அச்சம் இருந்தால் சங்கிலோ பாலாடையிலோ புகட்டலாம். அத்தைக்கு அது கைவந்ததாகவே இருக்கும். மார்பில் கட்டி தோன்றினால் உடனே பாலை எடுத்துவிடுங்கள். சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், ஆனால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

பதில் 3 (மனிதவளத் துறையில் பணிபுரிபவர், கோயம்புத்தூர்):

கழிப்பறைக்குப் போகச் சொன்னதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். குழந்தையின் உணவைக் கழிப்பறையில் எடுக்கச் சொல்வது முறையல்ல. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரத்தைத் தவிர நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அளித்தது. 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை உள்ளன. பம்ப் செய்வதற்கான தனி அறையைப் பற்றி இவற்றில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பதால், இடைவேளையை உரிமையாகவும் அறையை வேண்டுகோளாகவும் ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். தாழிடக்கூடிய கதவு, நாற்காலி, மின்இணைப்பு, பக்கத்தில் கை கழுவ இடம் என்று தேவையைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். நான் பார்த்தவரை, "ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள்" என்று வாய்மொழியாகக் கேட்டவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை; நேரத்தையும் இடத்தையும் எழுத்தில் கேட்டவர்களுக்கு நடந்தது.

கேட்டவர், மூன்று வாரம் கழித்து:

உங்கள் மூவருக்கும் என் நன்றி. மின்னஞ்சல் எழுதிய நான்காம் நாள், முதலுதவி அறையை மூன்று வேளைக்கு ஒதுக்கிச் சாவியையும் என்னிடமே கொடுத்தார்கள். முதல் நாள் மூன்று முறையும் சேர்த்து 190 மில்லி வந்தது, நேற்று 260. கிண்ணத்தில் சுழற்றிக் காட்டிய அன்றே அத்தையின் மனம் மாறிவிட்டது; இப்போது ஒவ்வொரு புட்டியிலும் பிளாஸ்திரி ஒட்டி, கிழமையையும் நேரத்தையும் அவரே எழுதி வைக்கிறார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாள்களில் மட்டும் மாலை நான்கு மணிக்கு இருக்கையை விட்டு எழ முடியாது, அதற்கு என்ன செய்யலாம்?

பதில் 1 (திருநெல்வேலி):

அந்த நாள்களில் ஒன்பதரை, பன்னிரண்டரை, மூன்றரை என்று முன்னதாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் ஒரு வேளை தவறினால், வீட்டுக்கு வந்தவுடன் குழந்தையை நேராக மார்பில் விட்டுவிடுங்கள். பையைப் பிரிப்பது, பம்பைக் கழுவுவது எல்லாம் அவள் குடித்து முடித்த பிறகு இருக்கட்டும்.