பின்னால் பைக் வந்தால் அது தனியாகப் போவதா?

தோட்டியோடு_அப்பா:
நேற்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு டீச்சர் பெருமையடித்தார். ஆட்டிசம் உள்ள 17 வயதுப் பையன் மூன்றே மாதத்தில் தக்கலையிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்குத் "தனியாக" பஸ்ஸில் போகப் பழகிவிட்டானாம். எல்லாரும் கைதட்டினார்கள். வெளியே வந்து விசாரித்தால், பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒருத்தர் பைக்கில் போயிருக்கிறார். என் மகனுக்கு 19. நானும் பைக்கில் பின்னால் போனால் அவன் திருவனந்தபுரம் வரைக்கும் "தனியாக"ப் போவான்.

வடசேரி_டீச்சர்:
அந்த டீச்சர் நான்தான் சார். முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அப்புறம் மூன்று சீட் தள்ளி. அப்புறம் பின்வாசல் பக்கம். கடைசியில்தான் பைக். உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுவதுதான் முறை. பயணத்தையும் அதன் கடைசித் துண்டிலிருந்துதான் ஆரம்பித்தோம்: பார்வதிபுரத்தில் ஏறி வடசேரியில் இறங்குவது மட்டும். அது கைவந்த பிறகு சுங்கான்கடையில் ஏறுவது, அடுத்து இன்னும் தள்ளி வில்லுக்குறியில். எந்த நாளும் பாதியில் திகைத்து நிற்காமல், போய்ச் சேர்ந்த சந்தோஷத்தோடு முடியும்.

தோட்டியோடு_அப்பா:
எல்லாம் சரி. பைக் வந்ததா, இல்லையா?

மட்டிப்பழம்:
பஸ்ஸிலேயே நிற்கிறீர்களே! என் மகளுக்கு நாப்கின் மாற்றப் படிப்படியாகப் படம் வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. கதவைத் தாழ் போடவும் இப்போதுதான் பழகினாள். அதைப் பேச இங்கே ஆள் இல்லை.

பாலத்தடி:
ஒரு சந்தேகம். மேம்பாலத்து மேலே போகிற பஸ் பார்வதிபுரத்தில் நிற்காதே, எப்படி ஏற்றினீர்கள்?

வடசேரி_டீச்சர்:
கீழே போகிற பஸ்ஸில்தான். அதுகூடத் தெரியாமலா?

பாலத்தடி:
தினமும் அங்கே நிற்கிறவன் நான். எனக்கே பாடமா?

தோட்டியோடு_அப்பா:
பாலத்தை விடுங்கள். மழையில் பஸ் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டால் என்ன செய்வான்? கடை போர்டை அடையாளம் பார்த்து இறங்குகிற பிள்ளைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மூன்று மாதம் வெயிலில் பழக்கிவிட்டு சர்டிபிகேட் கொடுக்கிறார்கள்.

வடசேரி_டீச்சர்:
அதற்குத்தான் சட்டைப் பையில் அட்டை. "வடசேரியில் இறக்கிவிடுங்கள்" என்று எழுதி வீட்டு நம்பரும் போட்டிருக்கிறோம். கண்டக்டரிடம் நீட்டினால் போதும், வாயால் கேட்க வேண்டாம்.

தோட்டியோடு_அப்பா:
அப்போ பைக்கும் உண்டு, அட்டையும் உண்டு, கண்டக்டரும் உண்டு. "தனியாக" மட்டும் இல்லை.

குழித்துறை_மாமா:
வழி தெரியாவிட்டால் நீரும் நாலு பேரிடம் கேட்டுத்தானே போவீர்? போன வருஷம் பிள்ளைகளுக்குச் சமையல் பழக்கக் கேஸ் அடுப்பா இண்டக்‌ஷனா என்ற சண்டையிலும் இப்படித்தான். இண்டக்‌ஷனில் கட்டன் சாயா போட்டால் அது சமையலே இல்லை என்று இருபது பதிவு போட்டவர் நீர்.

தோட்டியோடு_அப்பா:
கரண்ட் போனால் என்ன செய்வான் என்று கேட்டேன். இன்று வரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

குழித்துறை_மாமா:
சாயா குடிக்காமல் இருப்பான். இவ்வளவு பேசுகிறீரே, மகனுக்கு 18 முடிந்ததே, அவனுக்காகச் சட்டப்படி முடிவெடுக்கக் காப்பாளர் சான்றிதழ் வாங்கினீரா? 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்பா என்பதால் தானாக வந்துவிடாது.

மட்டிப்பழம்:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 14ஆம் பிரிவில் இருப்பது வரையறுக்கப்பட்ட காப்பாளர், குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும்தான், மாமா. பிள்ளையையும் கலந்துதான் முடிவெடுக்க வேண்டும். இந்தச் சண்டையில் அந்தப் பையனிடம் யாராவது கேட்டீர்களா?

குழித்துறை_மாமா:
நான் சொன்னது வேறு சட்டம், அம்மா. சரியாக வாசியுங்கள்.

தோட்டியோடு_அப்பா:
சட்டம் பேசித் திசை திருப்ப வேண்டாம். என் மகன் இரண்டு வருஷமாக என் கையைப் பிடித்துத்தான் பஸ் ஏறுகிறான். நான் அதைத் தனியாக என்று யாரிடமும் சொன்னதில்லை.

வடசேரி_டீச்சர்:
எப்போது சார் கையை விடுவீர்கள்?

தோட்டியோடு_அப்பா:
அது என் வீட்டு விஷயம். பைக்கை எப்போது நிறுத்துவீர்கள், அதைச் சொல்லுங்கள்.

வடசேரி_டீச்சர்:
போன திங்கட்கிழமையே நிறுத்தியாச்சு.

தோட்டியோடு_அப்பா:
திங்கட்கிழமை மழை இல்லையே.