பதில்: நீர் மாற்றாமல் பவளத்தொட்டி பேணும் முறைக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டியில், பழைய நீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புது உப்புநீர் ஊற்றுவதை நீர்மாற்று என்கிறோம். அதை வாடிக்கையாகச் செய்யாமலே தொட்டியைப் பேணும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: நீர்மாற்றமற்ற முறை, மாறாநீர் முறை, மூடுசுழற்சித் தொட்டி, நீர்சேரா முறை. நான்கிலும் எனக்கு உடன்பாடில்லை. நான் முன்வைக்கும் சொல் ‘நீர்த்தேற்றல்’. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீர்சேரா முறை. இது நேரடியாகவே தவறு. தொட்டியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு மட்டும் தங்கிவிடும். அதை ஈடுசெய்யத் தூய நன்னீரைத் தினமும் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்க வேண்டிய உப்பு ஏறிக்கொண்டே போகும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் இந்த நிரப்புநீரையும் நீர்மாற்றையும் குழப்பிக்கொள்வது வழக்கம். நம் சொல்லும் அந்தக் குழப்பத்தை வளர்க்கக் கூடாது.

மூடுசுழற்சி என்பதும் பொருந்தாது. தினமும் தீனி உள்ளே போகிறது. நுரைபிரிப்பான் என்ற கருவி நுரையில் ஒட்டும் கழிவை வெளியே தள்ளுகிறது. நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறையான உயிர்ப்பாறையின் ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியில் பாக்டீரியாக்கள், கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்க, அது காற்றில் கலந்துவிடுகிறது. இத்தனை வாசல் திறந்திருக்கும்போது மூடியது என்று எப்படிச் சொல்வது?

நீர்மாற்றமற்ற முறைதான் பலருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘அற்ற’ என்பது அளவுக்கு மீறிய வாக்குறுதி. செம்பு போன்ற நஞ்சு ஒன்று தொட்டியில் கலந்துவிட்டால், இம்முறையைக் கடைப்பிடிப்பவர்களும் நீரை மாற்றத்தான் செய்வார்கள், மாற்றவும் வேண்டும். அவர்கள் விட்டது வாடிக்கையான நீர்மாற்றை மட்டும்தான். இன்னொன்று, இந்தப் பெயர் எதைச் செய்யவில்லை என்று மட்டும் சொல்கிறது. இதைக் கேட்கும் புதியவர் ‘சரி, ஒரு வேலை மிச்சம்’ என்று நினைத்துக்கொள்வார். பவளங்கள் சாவது அங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது, வாரம் 10 விழுக்காடு நீரை மாற்றுகிறோம் என்று வையுங்கள். அளவு ஏறி ஏறி, மாற்றுவதற்குமுன் 50, மாற்றியபின் 45 என்ற இடத்தில் நிலைகொள்ளும். அதாவது வாரச் சேர்மானத்தைப்போல் பத்து மடங்கு. பவளத்துக்கு அது மிக அதிகம், ஆகவே நீர்மாற்றை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஆனால் அந்தப் பத்து மடங்கு என்பது ஒரு கூரையும்கூட. எது சேர்ந்தாலும், அது சேர்வது நமக்குத் தெரியாவிட்டாலும், அந்தக் கூரைக்குமேல் போகாது. வாடிக்கை நீர்மாற்றை நிறுத்தியவுடன் அந்தக் கூரை போய்விடுகிறது. இனி ஒவ்வொரு பொருளுக்கும் நாமே பொறுப்பு.

அந்தப் பொறுப்புக்கு இரண்டு பாதிகள் உண்டு, வரலாற்றில் அவை தனித்தனியாகவே வளர்ந்தன. கழிவை நீக்கும் பாதி முன்னால் வந்தது. இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் 1960களின் தொடக்கத்திலேயே உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழியையும் வைத்துத் தொட்டியை ஓட்டினார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, பாசித்தட்டில் பாசி வளர்த்து, அது உறிஞ்சிய கழிவோடு அறுத்தெடுத்தார். மொனாக்கோவில் ழான் ஜோபேர் மணற்படுகைக்கு அடியில் நீர் தேங்கும் இடைவெளி விட்டு, நைட்ரேட்டை வாயுவாக்கும் வேலையை மணலிடம் ஒப்படைத்தார்.

இழந்ததை ஈடுகட்டும் பாதி இன்னும் நுணுக்கமானது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. காரத்தன்மையில், அதாவது நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் இருப்பில், 2.8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) செலவாகும்போது கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவில்தான் குறையும். கடல்நீரில் கால்சியம் ஏறக்குறைய 420 மில்லிகிராம், காரத்தன்மையோ ஏறக்குறைய 7 டிகேஎச்தான். ஆகவே கால்சியத்தை மட்டும் அளந்து நிம்மதியாக இருப்பவருக்கு ஆபத்து தெரியவே தெரியாது. காரத்தன்மையைத்தான் அடிக்கடி அளக்க வேண்டும். ஈடுகட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் ஊற்றினால், பவளம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் சோடியமும் குளோரைடும் நீரில் எஞ்சும். இதற்காகத்தான் ஜெர்மானியரான ஹான்ஸ் வெர்னர் பாலிங் தன் முறையில், எஞ்சியதோடு சேர்ந்து கடல்நீரின் விகிதம் அமையும்படி, சோடியம் குளோரைடு இல்லாத கடலுப்பை மூன்றாவதாகச் சேர்த்தார். நீர்மாற்றைக் கைவிட்டவர் இந்த மூன்றாவதை விட்டால், உப்பு அளவு சரியாக இருக்கும்போதே அயனிகளின் விகிதம் மெல்லச் சாய்ந்துவிடும். அப்புறம் ஸ்ட்ரான்ஷியம், அயோடின், மாங்கனீசு போன்ற நுண்தனிமங்கள். இவற்றுக்கு ஐசிபி எனப்படும் ஆய்வகத் தனிமச் சோதனை வேண்டும். அதுவும் தனிமங்களைத்தான் காட்டும், நீரை மஞ்சளாக்கும் கரிமப் பொருள்களைக் காட்டாது. அவற்றை உறிஞ்சச் செயலூட்டிய கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மாறாநீர். இலக்கணப்படி இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். மாறா என்பது தன்வினை, மாற்றா என்பது பிறவினை. நீரை நாம் மாற்றுவதில்லை, ஆனால் நீர் மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் பிஎச் ஏறும், இரவில் இறங்கும். மாறாநீர் என்பது நாம் அடைய விரும்பும் நிலை. முறைக்குப் பெயர் வைக்கும்போது அதை அடையச் செய்யும் வேலையைச் சொல்வதே நல்லது.

தேற்றுதல் என்ற வினையில் அந்த இரண்டு பாதிகளும் இருக்கின்றன. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர், அதில் கழிவு நீங்குவது இருக்கிறது. நோயில் இளைத்தவர் உடம்பு தேறினார் என்கிறோம், அதில் இழந்த சத்து மீள்வது இருக்கிறது. வேறு எந்த வினையிலும் இவை இரண்டும் சேர்ந்து வருவதாக எனக்குத் தெரியவில்லை. நீர்மாற்றல், நீர்த்தேற்றல் என்று எதுகையோடு நிற்பதால் மனத்திலும் தங்கும். ‘இந்தத் தொட்டியில் நீரை மாற்றுவதில்லை, தேற்றுகிறோம்’ என்று இயல்பாகப் பேசலாம்.

எதிர்பார்க்கும் மறுப்புகள் இரண்டு. தேற்றம் கணிதத்துக்குப் போய்விட்டதே என்பீர்கள். அதனால்தான் ‘நீர்த்தேற்றம்’ என்று முடிக்காமல் ‘அல்’ விகுதியோடு ‘தேற்றல்’ என்கிறேன். குடிநீர்ச் சுத்திகரிப்போடு குழம்பாதா என்று கேட்கலாம். சுத்திகரிப்பில் நீக்குவது மட்டும்தான் பேச்சு, அந்தச் சொல்லும் அங்கே ஊன்றிவிட்டது. எனக்கு அது பெரிய தடையாகப் படவில்லை.

சொல் ஏற்கப்பட்டால் அதோடு தொடர்புடைய மற்றச் சொற்களையும் சேர்த்தே முடிவு செய்யலாம். தொட்டிக்குத் தேற்றுநீர்த் தொட்டி. குறைந்த பொருள்களை அளந்து ஊற்றும் டோசிங் என்பதற்கு முன்பு வந்த ‘ஊட்டல்’ வேண்டாம், பவளத்துக்கு இரை கொடுப்பதோடு மோதும். அளந்து பார்த்து, செலவானதை மட்டும் திரும்பத் தருவதால் ‘ஈடுகட்டல்’ என்று வைக்கலாம். பாசி வளர்க்கும் பக்கத்தொட்டிக்குப் புகல்தொட்டி என்ற பரிந்துரையை வழிமொழிகிறேன். நுரைபிரிப்பானில் ‘பிரிப்பான்’ சரியா, ‘வடிப்பான்’ சரியா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. அந்தக் கருவியைத் தினமும் கழுவுகிறவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.