குர்ஆன் பிரதியில் பச்சைக் கோட்டோடு தாள் அறுகிறது, எப்படி ஒட்டுவது?

மைக்கூடு:
19ஆம் நூற்றாண்டுக் காஷ்மீர்க் கையெழுத்துக் குர்ஆன். எழுத்தைச் சுற்றியுள்ள ஜத்வலில் (சட்டக் கோடுகளில்) தங்கப் பட்டை, சிவப்பு, நீலம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பச்சைக் கோடு மட்டும் பின்பக்கம் வரை பழுப்பாக ஊறி, மூலையில் தாள் அறுந்துவிட்டது. எதிர்ப்பக்கத்திலும் அதே பழுப்புத் தடம். மைதாப் பசையில் மெல்லிய தாள் ஒட்டலாமா?

ஏட்டுக்காரர்:
ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்தப் பச்சை செம்புக் களிம்பு. செம்புத் தகட்டைக் காடி ஆவியில் வைத்துச் சுரண்டி எடுப்பது. அதன் செம்பு அயனிகள் தாளின் நார்களை ஆக்சிஜனேற்றம் செய்து நொறுக்குகின்றன. ஈரம் பட்டால் கோட்டை விட்டு நகர்ந்து பக்கத்து நல்ல தாளையும் பிடித்துக்கொள்ளும். எழுத்துக்கும் ஆபத்து: கஞ்சி பூசி அகேட் கல்லால் தேய்த்த தாள் அது, புகைக்கரி மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். ஈர விரல் போதும், கலைந்துவிடும்.

தாள்மருத்துவன்:
ஈரத்தைக் கட்டுக்குள் வைத்தால் ஒட்டலாம். 3 சதவீத ஜெலட்டின் கரைசலை வெதுவெதுப்பாக பாலியெஸ்டர் தாளில் பூசி, அதன்மேல் சதுர மீட்டருக்கு 5 கிராம் எடையுள்ள ஜப்பானிய மெல்லிய தாளை விரித்து முழுக்க உலரவிடுங்கள். பிறகு உரித்து 4 மி.மீ. பட்டைகளாக நறுக்குங்கள். பட்டையின் ஜெலட்டின் பக்கத்தை ஈர ஒற்றுத்தாளில் ஓரிரு நொடி மட்டும் தொட்டெடுத்து, அறுந்த கோட்டின் பின்பக்கம் வையுங்கள். மேலே உலர்ந்த ஒற்றுத்தாள், சின்ன எடை. பளபளவென்று தெரிந்தால் ஈரம் அதிகம். அந்தப் பட்டையைத் தூக்கிப் போடுங்கள். முதலில் வேறு தாளில் பழகுவது நல்லது.

மைக்கூடு:
நன்றி. ஆனால் இதே காலத்து வேறு பிரதியில் பச்சை ஒன்றுமே செய்யவில்லையே?

ஏட்டுக்காரர்:
குங்குமப்பூ கலந்திருக்கலாம். களிம்பு தாளைத் தின்னாமலிருக்க அதைச் சேர்க்கும்படி பழைய பாரசீகக் குறிப்புகளே சொல்கின்றன. சேமித்த இடத்தின் ஈரப்பதமும் காரணமாகலாம்.

தாள்மருத்துவன்:
யாராவது லேமினேஷன் என்றால் விலகிவிடுங்கள். அதில் ஒட்டும் செல்லுலோஸ் அசிடேட் படலம் காலப்போக்கில் தானே அசிட்டிக் அமிலத்தை விடும்; களிம்புக்கு அது தீனி. புத்தகத்தைத் தட்டையாக விரிக்கவும் வேண்டாம், மடிப்பில் இழுபட்டு முதலில் அந்தக் கோடுதான் அறும். ரெஹால் (குர்ஆன் வைத்து ஓதும் மடக்குப் பலகை) கொடுக்கும் ஏறக்குறைய 90 பாகைத் திறப்பே போதும்.