கிளப் டின்னருக்கு வேட்டி கட்டிப் போகலாமா?

கேள்வி:
சனிக்கிழமை ராத்திரி மாமனாரின் பிறந்தநாள் டின்னர், சென்னையில் ஒரு பழைய கிளப்பில். அழைப்பிதழில் 'ஃபார்மல்' என்று மட்டும் போட்டிருக்கிறது. கல்யாணக் கோட்டு இப்போது வயிற்றில் பட்டன் போட வரவில்லை. வேட்டி கட்டினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களா?

மயிலாப்பூர்க்காரன்:
தாராளமாகக் கட்டுங்கள் தம்பி. 2014-இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியிருந்தார் என்று சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. பெரிய சர்ச்சையாகி, அதே ஆண்டு சட்டமன்றத்தில் சட்டமே கொண்டுவந்தார்கள். இப்போது தடுத்தால் உரிமம் போகும், 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால் கட்டுவதை ஒழுங்காகக் கட்டுங்கள். எட்டு முழம்தான், நாலு முழம் வேண்டாம். கரை மெல்லிய ஜரிகையாக இருக்கட்டும். அகலக் கரை என்றால் மாப்பிள்ளை மாதிரி தெரிவீர்கள். முழுக்கை வெள்ளைச் சட்டை, கையை மடித்துவிடாமல். போனைச் சட்டைப் பையில் போட்டால் ஒரு பக்கம் தொங்கும், பை வைத்த வேட்டி பெல்ட் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், தோல் செருப்பு. சட்டம் வேட்டிக்குத்தான், ரப்பர் செருப்புக்கு இல்லை!

தையல்பிரியன்:
கோட்டை டெய்லரிடம் காட்டினீர்களா? தையலில் துணி விட்டிருந்தால் கொஞ்சம் பிரித்துத் தருவார். இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப்பட்டனை எப்படியும் போடக்கூடாது.

கேட்டவர்:
பிரச்சினையே மேல்பட்டன்தான் சார். சரி, வேட்டியே. மாமனார் என்ன போடுகிறார் என்று வீட்டில் விசாரித்தேன். சஃபாரியாம்.