அண்டை நாட்டுப் போலீசுக்கு நம் பதிவேடுகளைத் திறந்துவிடலாமா?

ஹைலக்ஸ்காரர் (டோங்காட்)

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொசாம்பிக், எஸ்வாத்தினி, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, இந்த நாலு நாட்டுப் போலீசும் நம் தென்னாப்பிரிக்காவின் வாகனப் பதிவேட்டையும் தேடப்படுவோர் பட்டியலையும் நேரடியாகப் பார்க்க வழி செய்ய வேண்டும். அவர்களுடையதை நம் போலீஸ் பார்க்க வேண்டும். கடிதம் எழுதி, முத்திரை குத்தி, பதிலுக்குக் காத்துக்கிடக்கும் வேலையே கூடாது.

டர்பனில் ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தன் வண்டியை எடுக்கிறான். என்2 நெடுஞ்சாலை பிடித்து ஹ்லுஹ்லுவே, அங்கே திரும்பி ஆர்22, அப்புறம் எல்லைப் பக்கத்து ஊரான மங்குசி. சுமார் 400 கிலோமீட்டர். விடிவதற்குள் கோசி பே பக்கத்து மணல் தடத்தில் இறங்கி மொசாம்பிக் போய்ச் சேர்ந்துவிடுகிறான். அரசாங்கம் அந்த எல்லையில் கான்கிரீட் தடுப்பு வைக்க ஆரம்பித்ததே இதற்காகத்தான். என் ஹைலக்ஸ் வண்டி திருட்டுப் போன அன்று டிராக்கர் கடைசியாகக் காட்டிய புள்ளி மங்குசிக்கு வடக்கே. புகார் கொடுத்த ஸ்டேஷனில் எஞ்சின் நம்பருக்குப் பேப்பர் கேட்டார்கள். அதைத் தேடி எடுத்துக் கொடுத்து, திருட்டு வண்டி என்று கம்ப்யூட்டரில் ஏறியபோது மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் காலையில் அதே வண்டியை நிறுத்தியிருந்தாலும் அவர் கண்ணுக்கு அது சாதாரண வண்டிதான்.

வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள், கேட்கிறேன்.

வாசுகி (லெனேசியா)

அண்ணே, வண்டி போனதில் எனக்கும் வருத்தம். ஆனால் ஒரே மூச்சில் இரண்டு கேட்கிறீர்கள். வண்டிப் பதிவேடு வேறு, ஆள் பட்டியல் வேறு. முதலாவதைப் பேசித் தீர்க்கலாம். இரண்டாவதில் நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

இந்த மண்ணில் நம்மவர்கள் சிறைக்குப் போனதே பதிவேட்டை எதிர்த்துத்தான். 1906இல் டிரான்ஸ்வால் அரசு, ஆசியர்கள் எல்லோரும் விரல் ரேகை கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், போலீஸ் எங்கே கேட்டாலும் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்னால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள். தம்பி நாயுடு திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார். தில்லையாடி வள்ளியம்மை அனுமதி இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டினார் என்று பிடிக்கப்பட்டவர். ஜெயிலில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் போய்விட்டார்.

அது பழைய கதை என்பீர்கள். சரி, பக்கத்தில் வருகிறேன். 1982இல் ஸ்வாசிலாந்தும் (இப்போதைய எஸ்வாத்தினி) இங்கிருந்த நிறவெறி அரசும் ரகசியமாக ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. 1984 வரை வெளியே யாருக்கும் தெரியாது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய டர்பன்காரர் இப்ராஹிம் இஸ்மாயில் இப்ராஹிம், ராபன் தீவுச் சிறையில் பதினைந்து வருஷம் இருந்தவர், 1986 டிசம்பரில் ஸ்வாசிலாந்திலிருந்து கடத்திக்கொண்டு வரப்பட்டார். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடத்திக் கொண்டுவந்த ஆளை விசாரிக்க இங்கே எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது என்று விடுவித்தது. அண்டை நாட்டோடு போலீஸ் உறவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

கிளியரிங் ஏஜென்ட் (கொமாட்டிபூர்ட்)

இரண்டு பேருக்கும் வணக்கம். மொசாம்பிக் போகும் லெபொம்போ எல்லையில்தான் என் பிழைப்பு. ஒன்றுமே இல்லாத இடத்தில் புதிதாகக் கட்டுவது போல ஹைலக்ஸ்காரர் பேசுகிறார். அப்படி இல்லை.

1995இல் விக்டோரியா அருவியில் கூடித் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் போலீஸ் தலைவர்கள் ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தார்கள். சார்ப்கோ என்பார்கள். ஹராரேயில் உள்ள இன்டர்போல் மண்டல அலுவலகம்தான் அதற்குச் செயலகம். எல்லை தாண்டிப் போகும் திருட்டு வண்டிகள் அதன் ஆரம்பகால வேலைகளில் ஒன்று. கூட்டுச் சோதனைகள் நடத்துகிறார்கள், வண்டிகளைப் பிடிக்கிறார்கள். இன்டர்போலின் திருட்டு வாகனப் பட்டியலை உறுப்பு நாடுகள் இப்போதே தட்டிப் பார்க்கலாம்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நேர்மையாகப் போகிறவன் பதிவுச் சான்று காட்டுகிறான், கடன் இருந்தால் பேங்க் கடிதமும் காட்டுகிறான். திருட்டு வண்டியை அப்படியே யாரும் கொண்டுவருவதில்லை. அதே மாடல், அதே நிறம், இங்கே யார் வீட்டிலோ நிற்கிற இன்னொரு வண்டியின் நம்பரில் பிளேட் அடிக்கிறார்கள், கண்ணாடியில் ஒட்ட லைசென்ஸ் டிஸ்க்கும் அடிக்கிறார்கள். பிளேட் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டால் சுத்தமாக வரும். டார்ச் அடித்துச் சேசிஸில் உள்ள பதினேழு எழுத்து எண்ணைப் படித்தால்தான் பிடிபடும். வரிசையில் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது எத்தனை பேர் குனிந்து படிப்பார்கள்? சில வண்டிகளில் அந்த எண்ணையே தேய்த்துவிட்டு வேறு பதித்திருப்பார்கள். பதிவேட்டை முழுதாகத் திறந்துவிட்டாலும் குனிந்து பார்க்கிற ஆள் வேண்டும்.

ஹைலக்ஸ்காரர் (டோங்காட்)

குனிந்து பார்க்கிறவருக்கும் ஒப்பிட ஒரு பட்டியல் வேண்டும் இல்லையா ஐயா? நம் ஸ்டேஷனில் ஏறியது இன்டர்போல் பட்டியலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டியைப் பிரித்து விற்றிருப்பார்கள். நான் கேட்பது அந்த இடைவெளியை ஒழிப்பதற்கு.

வாசுகி தங்கச்சி, நீங்கள் சொன்ன வரலாறு எனக்கும் வீட்டில் சொல்லி வளர்த்ததுதான். ஆனால் 1986இல் இருந்த அரசுக்கு நாம் ஓட்டுப் போடவில்லை. இப்போது இருப்பதற்குப் போடுகிறோம். அன்றைக்குத் தப்பு செய்தார்கள் என்பதற்காக இன்றைய போலீஸ் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்க வேண்டுமா?

வண்டி மட்டும் என்றால் இன்சூரன்ஸ் கொடுக்கும், விடலாம். மபூட்டோவில் ஆள் கடத்தல் நடக்கிறதே. 2011இலிருந்து நம் மாதிரி ஆசிய வம்சாவளி வியாபாரிகளைத்தான் குறிவைக்கிறார்கள். செய்கிறவன் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி இருக்கிறான். அவன் பெயரைத் தட்டினால் உடனே தெரிய வேண்டாமா?

சாந்தி (பெனோனி)

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது மபூட்டோவில். கடை வைத்திருக்கிறார்கள். அத்தான் தினமும் வேறு வேறு நேரத்தில்தான் கடையைப் பூட்டுவார். காரில் ஏறியதும் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால். அது வராவிட்டால் அக்கா எனக்குப் போன் போடுவாள். இரண்டு பேரும் பேசாமல் லைனில் காத்திருப்போம்.

ஹைலக்ஸ்காரர் அண்ணா கேட்பது எனக்கு வேண்டும், மனதார வேண்டும். ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடத்தல்காரர்களோடு போலீஸ் ஆட்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்று மொசாம்பிக்கின் அட்டர்னி ஜெனரலே அவர்கள் நாடாளுமன்றத்தில் பேசியிருக்கிறார். அப்படியென்றால் இங்கே ஒளிந்திருக்கிற குடும்பத்தின் விலாசத்தை அங்கே ஒரு மேசையில் யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டால், முதலில் பார்க்கப்போவது யார்? பணம் கொடுத்து மீண்டு, இங்கே குடிவந்து, வீட்டு வாசலில் பெயர்ப்பலகை கூட வைக்காமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

சர்வர் தம்பி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

டேட்டாபேஸ் வேலைதான் செய்கிறேன், அதனால் அந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன். “திறந்துவிடுவது”, “மூடிவைப்பது” என்று இரண்டே வழிதான் இருப்பது போலப் பேசுகிறோம். நடுவில் ஒன்று இருக்கிறது. எதிர்ப்பக்கம் சேசிஸ் எண்ணை அனுப்பும். நம் பக்கத்திலிருந்து ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் பதில் போகும். உரிமையாளர் பெயர், ஐடி எண், விலாசம் எதுவும் போகாது. ‘இருக்கிறது’ என்று வந்தால் வண்டியை நிறுத்திவைத்துவிட்டு, மற்ற விவரத்துக்கு முறையாகக் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் விரல் ரேகை, டிஎன்ஏ ஒப்பிடுவதற்கு இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

யார் கேட்டார், எந்த மேசையிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கேஸ் நம்பருக்கு என்பது ஒவ்வொரு கேள்விக்கும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை அழிக்கும் அதிகாரம் கேட்கிறவருக்கும் இருக்கக் கூடாது, கொடுக்கிறவருக்கும் இருக்கக் கூடாது.

வாசுகி (லெனேசியா)

தம்பி சொன்ன கடைசி வரிதான் எனக்கு முக்கியம். போலீசும் போலீசும் நண்பர்களாகிவிட்டால் அந்தப் பதிவை யார் திறந்து பார்ப்பார்கள்? நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2007இல் ஹராரேயில் எதிர்க்கட்சி அலுவலகத்தில் பிடிக்கப்பட்டவர்களை ஜிம்பாப்வே போலீஸ் சித்திரவதை செய்ததாகப் புகார். சாட்சியங்களைத் திரட்டி இங்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் போலீஸ் விசாரிக்க மறுத்தது. மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஜிம்பாப்வே போலீசோடு உள்ள ஒத்துழைப்பு கெட்டுவிடும் என்பது. 2014இல் அரசமைப்பு நீதிமன்றம் விசாரித்தே ஆகவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. ஹைலக்ஸ்காரர் அண்ணே, அது நாம் ஓட்டுப் போட்ட அரசு. ஒத்துழைப்பே ஒரு குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குக் காரணமாகிவிட்டது.

போட்ஸ்வானாவில் மரண தண்டனை உண்டு, இங்கே கிடையாது. தூக்கில் போட மாட்டோம் என்று உறுதி தராமல் ஆளை அங்கே அனுப்பக் கூடாது என்று 2012இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆள் எங்கே இருக்கிறான் என்ற தகவல், ஆளை ஒப்படைப்பதற்கு முதல் படி. அந்த முதல் படியில் மட்டும் நீதிபதி வேண்டாம் என்பது எப்படிச் சரியாகும்?

கிளியரிங் ஏஜென்ட் (கொமாட்டிபூர்ட்)

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்போமே, 2013இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதில் 72ஆம் பிரிவு வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் குற்றத் தடுப்புக்காக அரசு அமைப்பு செய்யும் வேலைக்கு 6ஆம் பிரிவில் விலக்கு உண்டு. விலக்கு எந்த அளவுக்கு என்றால், வேறு சட்டத்தில் போதிய பாதுகாப்பு இருக்கிற அளவுக்கு. நாம் கேட்கவேண்டியது அந்த வேறு சட்டம் எது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. எஸ்வாத்தினி கூட 2022இல் தகவல் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டது. எல்லா அண்டை நாடுகளையும் ஒரே தட்டில் வைக்காமல் நாட்டுக்கு நாடு பார்த்துக் கொடுக்கலாம்.

சாந்தி (பெனோனி)

நீதிபதி வேண்டும் என்கிறீர்களே வாசுகி அக்கா, ஒருவேளை என் அத்தானைத் தூக்கிவிட்டார்கள், போன் சிக்னல் எல்லைக்கு இந்தப் பக்கம், நெல்ஸ்புரூட் அருகே காட்டுகிறது என்று வையுங்கள். அப்போதும் காலையில் கோர்ட் திறக்கட்டும் என்று காத்திருப்பதா?

வாசுகி (லெனேசியா)

வேண்டாம் சாந்தி. அதற்கு வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. ஒட்டுக்கேட்புச் சட்டம், ரைக்கா, 7, 8ஆம் பிரிவுகள். உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் உடனே ஒட்டுக்கேட்கலாம், ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அப்புறம் சத்தியப் பிரமாணத்தோடு நீதிபதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லை தாண்டிய கேள்விக்கும் அதையே வைக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கொடுங்கள், காலையில் நீதிபதி முன்னால் காரணத்தை வையுங்கள். அதே சட்டத்தைப் பற்றி 2021இல் வந்த தீர்ப்பு, கண்காணிக்கப்பட்ட ஆளுக்கு அது முடிந்து 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றது. அதுவும் இதில் வேண்டும். பெயர்க் குழப்பத்தில் மாட்டிய அப்பாவிக்கு வேறு எப்படித் தெரியும்?

ஹைலக்ஸ்காரர் (டோங்காட்)

முதல் பாதிக்குச் சரி. கொடுத்துவிட்டுக் காரணம் சொல்வது எனக்குச் சம்மதம். வண்டிக்குத் தம்பி சொன்ன ‘இருக்கிறது, இல்லை’ முறையும் போதும், என் விலாசம் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. சாந்தி எழுதியதைப் படித்த பிறகு பதிவேட்டை முழுதாகத் திறக்கவும் கேட்க மாட்டேன்.

90 நாள் விஷயத்தில் ஒப்ப மாட்டேன். வண்டி திருடுகிற கூட்டத்தில் ஒருத்தனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கேஸ் ஒரு வருஷம் இழுக்கிறது. நடுவில் அவனுக்கே கடிதம் போட்டால் மொத்தக் கூட்டமும் இடத்தை மாற்றிவிடும்.

சர்வர் தம்பி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அந்தத் தீர்ப்பிலேயே, விசாரணை கெடும் என்றால் நீதிபதியிடம் கேட்டுத் தள்ளிப்போட வழி இருக்கிறது அண்ணா.

ஹைலக்ஸ்காரர் (டோங்காட்)

ஒவ்வொரு தடவையும் யார் போய்க் கேட்பார்கள்? எஞ்சின் நம்பரை ஏற்றவே மத்தியானம் வரை ஆன ஸ்டேஷனா?

வாசுகி (லெனேசியா)

கேட்க நேரமில்லாத போலீசுக்கு ஆள் தகவலை வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரமும் வேண்டாம் என்பதுதான் என் பதில். இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகப் போவதில்லை, பரவாயில்லை. வண்டி விஷயத்தை நீங்கள் ஒரு மனுவாக எழுதுங்கள் அண்ணே, நாடாளுமன்றப் போலீஸ் குழுவுக்கு அனுப்பலாம். கிளியரிங் ஐயா சொன்ன சேசிஸ் எண் சோதனையும், ஸ்டேஷனில் உடனே ஏற்றவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆள் தகவலுக்குத் தனி மனு நான் அனுப்புகிறேன். அதில் உங்கள் பெயர் இருக்காது.