22 வருடப் புல்வெளி ஸ்பிரிங்ளர் லைன்: மொத்தமாகத் தோண்டி மாற்றுவதா, இன்னும் ஓட்டலாமா?

கானாடுகாத்தான் தோட்டம்
வணக்கம். கானாடுகாத்தானில் விருந்தினர் தங்கும் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றரை ஏக்கர் புல்வெளி. 2003இல் போட்ட பாப்-அப் ஸ்பிரிங்ளர்கள், தண்ணீர் வரும்போது மண்ணுக்குள்ளிருந்து எழும்பித் தெளிப்பவை. ஆறு வால்வு, வால்வுக்கு எட்டு ஹெட் (தெளிக்கும் தலை), மொத்தம் 48. தரைத் தொட்டியிலிருந்து மோனோபிளாக் மோட்டார் தள்ளுகிறது. மெயின் லைன் 75 எம்எம் பிவிசி, 6 கிலோ அழுத்தம் தாங்கும் பைப்.

ஒன்றரை வருடத்தில் 11 இடத்தில் உடைந்துவிட்டது. ஒன்றை ஒட்டி மண் மூடினால் அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் தண்ணீர் கொப்பளிக்கிறது. புல் ஒரு பக்கம் சதசதவென்று, ஒரு பக்கம் காய்ந்து கிடக்கிறது. வேலைக்கு வந்தவர் "லைனுக்கு வயசாயிடுச்சு, எல்லாத்தையும் மாத்துங்க" என்று ஆறரை லட்சம் சொல்கிறார். முதலாளியிடம் இவ்வளவு பெரிய தொகையை ஒரு தடவைதான் கேட்க முடியும். கேட்டு, செய்து, மறுபடியும் உடைந்தால் என்ன பதில் சொல்வேன்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை மெக்கானிக்
தம்பி, நான் வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 12 வருடம் நீர்ப்பாசன மெக்கானிக்காக இருந்தவன். அங்கேயும் இதே கேள்விதான் வரும். அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் சங்கம் ஒரு ஆயுள் அட்டவணை போட்டிருக்கிறது. அழுத்தத்தில் ஓடும் பிவிசி பைப்புக்கு 10 முதல் 30 வருடம், பம்ப் ஸ்டேஷனுக்கு 15 முதல் 20, கண்ட்ரோலருக்கு 10 முதல் 15. உங்கள் பைப் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. 10க்கும் 30க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பாருங்கள். அதில் உங்கள் லைன் எங்கே நிற்கிறது என்று வயது சொல்லாது, உடைந்த இடங்கள்தான் சொல்லும்.

11 உடைப்பையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெண்டிலா (வளைவு), டீயிலா (மூன்று வழி இணைப்பு), மரை போட்ட இணைப்பிலா, அல்லது பைப்பின் உடம்பிலேயா? எந்த மாதம், எந்த நேரம்? மோட்டார் எப்போதாவது மாற்றினீர்களா?

அடுத்த தடவை தோண்டும்போது பழைய பைப்பில் ஒரு சாண் துண்டு அறுத்து வைஸில் வைத்து மெதுவாக நெரியுங்கள். பாதி விட்டத்துக்குத் தட்டையாகியும் விரிசல் விடவில்லை என்றால் பைப்பில் இன்னும் உயிர் இருக்கிறது. சில்லாக உடைந்தால் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள்.

கானாடுகாத்தான் தோட்டம்
அண்ணே, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 8 உடைப்பு பெண்டிலும் மரை இணைப்பிலும். 2 பைப்பின் உடம்பில். இரண்டு இடத்திலும் பைப்புக்கு அடியில் செம்புறாங்கல் முட்டிக்கொண்டிருந்தது. ஒன்று மண்வெட்டி பட்டது. துண்டை நெரித்துப் பார்த்தேன், விரிசல் இல்லை. மோட்டார் போன வருடம் மாற்றினோம். பழையது 5 ஹெச்பி, புதியது 7.5. அதற்குப் பிறகுதான் 9 உடைப்பு. அதுவும் கரண்ட் போய்த் திரும்பி வந்த பிறகுதான் பெரும்பாலும்.

தேவகோட்டை மெக்கானிக்
சரி, இப்போது விஷயம் தெரிகிறது. ஒரே வால்வைத் திறந்து 10 நிமிடம் ஓட்டி, தொட்டியில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளந்து சொல்லுங்கள். தொட்டியின் நீள அகலமும் வேண்டும். ஹெட்டில் பிரஷர் கேஜும் வையுங்கள்.

கானாடுகாத்தான் தோட்டம்
தொட்டி 4 மீட்டருக்கு 3 மீட்டர். 34 சென்டிமீட்டர் இறங்கியது. ஹெட்டில் 4.5 கிலோ.

தேவகோட்டை மெக்கானிக்
அப்படியானால் நிமிடத்துக்கு 408 லிட்டர். 75 எம்எம் பைப்பில் அது விநாடிக்கு சுமார் 1.8 மீட்டர் வேகம். பிவிசியில் 1.5ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் நாங்கள் வைத்திருந்த கணக்கு. ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால் இந்த பைப்பில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 3 கிலோ அளவில் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே 4.5, அதன் மேல் 5க்கு மேல். 6 கிலோ பைப்பில் 10 கிலோவுக்குப் பக்கமாக அடிக்கிறது. முதலில் விடுவது பெண்டும் மரையும்தான்.

கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாகவே மோட்டாரை ஓட்டிவிடுகிறது இல்லையா? லைன் அதற்குள் பள்ளத்து ஹெட் வழியாக வடிந்து காற்று நிறைந்திருக்கும். தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு போய் முட்டுகிறது. ஆறரை லட்சத்துக்குப் புது பைப் போட்டாலும் இதே மோட்டாரும் ஸ்டார்ட்டரும் இருந்தால் புதுப் பெண்டும் உடையும். அதைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன்.

பழைய 5 ஹெச்பி மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றி மாட்டுங்கள். ஆட்டோவை அணைத்துவிடுங்கள். மேட்டில் காற்றை வெளியே விடும் ஏர் வால்வு ஒன்று வையுங்கள். மோட்டாரைப் போடும்போது கேட் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, லைன் நிறைந்த பிறகு முழுக்கத் திறங்கள். காய்ந்த இடத்துக்கு டம்ளர் சோதனை செய்யுங்கள். ஒரே அளவு டம்ளர் 20 எடுத்து ஒரு வால்வின் பரப்பில் சமமாகப் பரப்பி 15 நிமிடம் ஓட்டுங்கள். மிகக் குறைவான 5 டம்ளரின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் சீர்மை தெரியும். 70 சதவீதத்துக்கு மேல் வந்தால் நல்லது.

பள்ளத்தூர் மாந்தோப்பு
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். ஒன்றரை ஏக்கருக்கு நாளுக்கு 4 மில்லிமீட்டர் விட்டாலே 24,000 லிட்டர். சித்திரை வைகாசியில் நம் பக்கத்து போர்வெல் என்ன கொடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்து வைத்த ஊர் இது. எந்தப் புல்லை யாராவது மிதிக்கிறார்கள், எதை யாரும் பார்ப்பதே இல்லை என்று ஒரு தடவை நடந்து பாருங்கள் தம்பி. வேண்டாத இடத்துக்குப் புது லைன் எதற்கு?

கானாடுகாத்தான் தோட்டம்
அக்கா சொன்னது உண்மை. ஆறாவது வால்வு முழுக்க மரத்தடி. அங்கே புல் எப்போதுமே சரியாக வந்ததில்லை. அதை மூடிவிட்டேன், சருகு மூடாக்கு போடுகிறோம்.

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். 5 ஹெச்பி மாட்டி, ஆட்டோ அணைத்து, ஏர் வால்வு வைத்தாயிற்று. ஹெட்டில் இப்போது 3 கிலோ. முன்பு புகை மாதிரிப் பறந்த தண்ணீர் துளியாக விழுகிறது. இரண்டாவது வால்வில் எவர்சில்வர் டம்ளர் வைத்துப் பார்த்தேன். சராசரி 40 மில்லி, கடைசி ஐந்து 21. அதாவது 52 சதவீதம். ஹெட்டில் தண்ணீர் பீய்ச்சும் நாசில் எட்டும் தேய்ந்திருந்தன, அவற்றை மாற்றி, சாய்ந்த ஹெட் மூன்றை நிமிர்த்திய பிறகு 41க்கு 29, 70 சதவீதம் வந்துவிட்டது. இதுவரை உடைப்பு இல்லை.

முதலாளியிடம் மீதி 32 நாசிலுக்கும், கல் முட்டும் 60 அடிக்கு மணல் பரப்பிப் புது பைப் போடவும் மட்டும் கேட்டிருக்கிறேன். உடைப்புத் தாளைப் பம்ப் ரூம் கதவில் ஒட்டியாயிற்று. அண்ணே, இனிமேல் பைப்பின் உடம்பில் வருடத்துக்கு எத்தனை உடைந்தால் மொத்தமாக மாற்றச் சொல்வீர்கள்?

தேவகோட்டை மெக்கானிக்
எண்ணிக்கை ஒன்று சொல்லிவிட மனம் வரவில்லை தம்பி. அடியில் கல் இல்லாமல், 3 கிலோவில் ஓடும்போது பைப் நீளவாக்கில் பிளந்தால், அந்தத் துண்டை மறுபடியும் நெரித்துப் பாருங்கள். அது விரிசல் விட்டால் அந்த வால்வின் லைனை மட்டும் முதலில் மாற்றுங்கள், மெயினை அடுத்த வருடம் பார்க்கலாம். அறுத்த துண்டை நிழலில் வையுங்கள், வெயிலில் கிடந்தால் பைப் நொறுங்கும், சோதனை பொய்யாகிவிடும்.